மூன்று நகல்

அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு தறிச் சத்தத்தில்தான் விடியும். பத்து மணிக்கு மேல் கடைத்தெருப் பக்கம் போனால் வேறொரு சத்தம் கேட்கும். அப்பாவின் தானிய மண்டியில் பில் அடிக்கும் பிரிண்டர் அது. கிர்ர் கிர்ர் என்று இடமும் வலமுமாக ஓடி, ஒவ்வொரு வரிக்கும் காகிதத்தை ஒரு படி மேலே தள்ளும். 2005-ல் நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தபோது அப்பா அதை வாங்கினார். விடுமுறைக்கு வந்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஓரத்தில் வரிசையாகத் துளை போட்ட அந்தத் தொடர்காகிதத்தைக் கிழித்துக் கொடுப்பது என் வேலை.

மண்டிக்குச் சரக்கு பெரும்பாலும் கிழக்கே திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து மானாவாரிக் காடுகளிலிருந்து வரும். புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தால் விதைப்பு. தை, மாசியில் அறுப்பு. கண்மாய் பெருகிய வருஷம் நெல் உண்டு. மற்ற வருஷங்களில் குதிரைவாலி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி. வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை. ஒரு சம்சாரி குடும்பம் ஆறு மாதம் பட்ட பாடு முழுவதும் ஒரு சாண் காகிதத்தில் வந்து நிற்கும். எத்தனை மூட்டை, எவ்வளவு எடை, சாக்குக் கழிவு, விலை, கமிஷன், எடைக்கூலி, இறக்குக்கூலி, முன்பணம், கைக்கு வரும் மிச்சம்.

அந்தக் காகிதம் மூன்று அடுக்கு. மேலே வெள்ளை, நடுவில் ரோஸ், அடியில் மஞ்சள். வெள்ளை சம்சாரிக்கு, ரோஸ் சரக்கு எடுப்பவருக்கு, மஞ்சள் எங்கள் ஃபைலுக்கு. பிரிண்டரின் தலையில் செங்குத்தாக ஒன்பது ஊசிகள் இருக்கும். ரிப்பன்மேல் அவை குத்தும் அழுத்தத்தில் மூன்று தாளிலும் ஒரே நேரத்தில் எழுத்து விழும். லேசரில் தாளை அழுத்தும் வேலை கிடையாது. மை பொடியாக ஒட்டும், அவ்வளவுதான். அதனால் அது ஒரு தாளுக்கு மேல் ஒரே தடவையில் அடிக்காது. லேசர் வாங்கலாமே என்று யாராவது சொன்னால் அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். பிறகு சொல்வார்: "மூணு நகலும் ஒரே அடியில விழணும்ப்பா. தனித்தனியா அடிச்சா, உன் சீட்டுல ஒரு கணக்கு, என் சீட்டுல ஒரு கணக்குன்னு என்னைக்காவது பேச்சு வரும்."

பில் போடும் புரோகிராமை விருதுநகர்ப் பையன் ஒருவர் டாஸில் ஃபாக்ஸ்ப்ரோ வைத்து எழுதிக் கொடுத்திருந்தார். நன்றாக உழைத்த புரோகிராம். எனக்கு உறுத்திய குறை ஒன்றுதான், அதில் தமிழ் வராது. குதிரைவாலி, இறக்குக்கூலி, சாக்குக் கழிவு எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்தில் வரும். தினத்தந்தியைத் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கிற சம்சாரிகள், இந்தச் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பாவிடமே நீட்டுவார்கள். "நீங்களே வாசிங்க அண்ணாச்சி." அப்பா வாசிப்பார். அவர் வாசித்ததை நம்பிக்கொண்டு போவார்கள். அப்பா பொய்யாக வாசித்ததில்லை. ஆனாலும் தமிழ் வாத்தியாராகப் போகிற எனக்கு அந்தக் காட்சி ஒவ்வொரு முறையும் தொண்டையில் நின்றது.

2022 மாசி மாதம். மல்லி வரத்து உச்சத்தில் இருந்தது. ஒரு வியாழக்கிழமை அப்பா போன் பண்ணினார். "கம்ப்யூட்டர் போச்சுப்பா. பில்லு நின்னுபோச்சு. கையால எழுதிக்கிட்டிருக்கேன்." மெயின் போர்டில் இருந்த கண்டென்சர்கள் உப்பி வெடித்திருந்தன. பதினேழு வருஷம் உழைத்த யந்திரம், அதைக் குறை சொல்ல முடியாது. நான் மதுரையில் ஒரு லேப்டாப் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

மண்டி மேசையில் லேப்டாப்பை வைத்துவிட்டு, பிரிண்டரின் கேபிளைக் கையில் எடுத்தபிறகுதான் நிலைமை புரிந்தது. கட்டைவிரல் தடிமன் கேபிள். கம்ப்யூட்டரில் சொருகும் முனையில் 25 ஊசிகள். பிரிண்டரில் மாட்டும் முனை இன்னும் அகலம், 36 தொடுமுனைகள், இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி. லேப்டாப்பில் இருந்ததோ விரல்நகம் அகலத்தில் மூன்று சிறு வாய்கள். வாங்கும்போது மெமரி எவ்வளவு, திரை எவ்வளவு என்று கேட்ட நான் இதைக் கேட்கவில்லை.

அந்த 36 முனைச் சொருகிக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் சென்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி 1970-ல் தன் முதல் புள்ளி அச்சு யந்திரத்தைக் கொண்டுவந்தது. அதன் தாய் நிறுவனமான வாங் லேபாரட்டரீஸிடம், கால்குலேட்டருக்கென்று வாங்கி மிஞ்சிப்போன 20,000 சொருகிகள் கிடந்தன. கையில் கிடப்பதை ஏன் வீணாக்க வேண்டும் என்று அதையே பிரிண்டருக்கு வைத்தார்கள். அதுவே உலகத்துக்கு வழக்கமாகி, அருப்புக்கோட்டை மண்டி வரைக்கும் வந்து சேர்ந்தது. ஓர் எழுத்துக்கு எட்டுத் துண்டு செய்தி. எட்டையும் எட்டுக் கம்பியில் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். பொறு, வாங்கிக்கொண்டேன், காகிதம் தீர்ந்தது என்று சொல்வதற்குத் தனித்தனிக் கம்பிகள். யூஎஸ்பி 1996-ல் வந்தது. அது செய்தியை ஒன்றன்பின் ஒன்றாக, வேகமாக அனுப்பும். கம்பி குறைவு, சொருகியும் சிறிசு. மெல்ல மெல்ல லேப்டாப்களிலிருந்து அந்த 25 ஊசித் துளை மறைந்துவிட்டது.

கடைத்தெருவில் விசாரித்தேன். "சார், இதெல்லாம் இனிமே ஓடாது. எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிருங்க" என்றார் ஒருவர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதே பேச்சை நான்கு மாதம் முன்னால் திருச்சுழியிலும் கேட்டிருந்தேன். அது தப்பு என்று அங்கே கண்ணால் பார்த்திருந்தேன்.

திருச்சுழியில் என் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். திருமேனிநாதர் கோயிலிலிருந்து நடக்கிற தூரம். கடையைத் தாண்டிக் கொஞ்சம் போனால் குண்டாறு. அந்த ஊர்க்காரர்களுக்கு மனு எழுதித் தருவது பழைய தொழில். ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ஊர் அது. அவர் தகப்பனார் சுந்தரம் ஐயர் பன்னிரண்டு வயதில் கிராமக் கணக்கரிடம் எழுத்துவேலைக்குச் சேர்ந்து, ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்து, பிறகு பட்டம் இல்லாமலே வாதாட அனுமதி பெற்ற வக்கீலாக ஆனவர். இன்று அந்த மனு எழுதும் வேலை ஜெராக்ஸ் கடைகளுக்கு வந்துவிட்டது. சிட்டா எடுக்க, விண்ணப்பம் அடிக்க, ஆதார் நகல் போட என்று காலையிலேயே ஆள் வந்துவிடும். மானாவாரிப் பூமியில் ஒரு காகிதம் ஒரு நாள் பிந்தினால் ஒரு வருஷம் போய்விடும்.

2021 ஐப்பசி முடிகிற நேரம். பயிர்க் காப்பீட்டுக்கு, நெல்லுக்கு நவம்பர் 15 கடைசி நாள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. ராபி பருவ உணவுப் பயிருக்குச் சம்சாரி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். நூற்றுக்கணக்கில் கட்டி, மழை பொய்த்தால் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஆனால் சிட்டா, அடங்கல், பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் எல்லாம் காகிதமாக இருக்க வேண்டும். 13-ஆம் தேதி சித்தியைப் பார்க்கப் போன நான், கடைவாசலில் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். உள்ளே சித்தப்பா வேர்த்து நின்றார். அவரது பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் முதல் நாள் போயிருந்தது. புது லேப்டாப் வந்துவிட்டது. கடையில் பத்து வருஷத்துக்கு மேலாக உழைத்த சின்ன லேசர் பிரிண்டரை அதில் மாட்டினால், "தெரியாத சாதனம்" என்று ஒரு வரி வருகிறது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இத்தனைக்கும் இதில் கேபிள் பிரச்சினையே இல்லை, யூஎஸ்பி சரியாகச் சொருகியது.

சித்தப்பா மகள், என் தங்கச்சி, பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டுக் கடையைப் பார்த்துக்கொள்கிறவள். பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, இது ரிப்பேர் இல்லை. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நடுவுல ஓர் ஆளை வைக்கணும்."

நம் குடும்பங்களில் பங்காளிச் சண்டைக்குச் சொல்கிற அதே வார்த்தை. அதைவிடச் சரியாக யாரும் எனக்கு டிரைவரை விளக்கியதில்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு பாஷை, பிரிண்டருக்கு ஒரு பாஷை, நடுவில் நிற்பது டிரைவர். எனக்குப் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை நினைவு வந்தது. துய்ப்ளேக்ஸுக்கும் நம்மவர்களுக்கும் நடுவில் நின்ற துபாஷி. துபாஷி இல்லாத நாளில் இரண்டு பக்கமும் நல்லவர்களாகவே இருந்தாலும் காரியம் நடக்காது.

தங்கச்சி விளக்கினாள். பிரிண்டரோடு வந்த சி.டி.யில் இருக்கும் டிரைவர் 32 பிட் கம்ப்யூட்டருக்கு எழுதியது. புது லேப்டாப் 64 பிட். அதில் இந்த டிரைவர் ஏறாது. அதோடு இந்த ரகச் சின்ன லேசருக்குச் சொந்தமாக மூளையே வைக்கவில்லை. பக்கத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரிப்பது முழுவதும் கம்ப்யூட்டரின் வேலை. பிரிண்டர் அந்தப் புள்ளிகளை வாங்கி அச்சடிக்கும். ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும், அது எப்படி வேலை செய்ய வேண்டும் என்கிற சிறு ஃபைலைக்கூடக் கம்ப்யூட்டர்தான் அனுப்பிவைக்க வேண்டும். விலையைக் குறைக்க அப்படிச் செய்தார்கள். விலை குறைந்ததால்தான் சித்தப்பாவால் வாங்க முடிந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் துபாஷி செத்தால் இந்தப் பிரிண்டரும் செத்த மாதிரி.

அவளிடம் பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இருந்தது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போனதே இல்லை. இவள் போனாள். பேட்டரி செத்து, வயரில் மட்டும் ஓடும் அந்த லேப்டாப்பில் அன்று ராத்திரி புது டெபியன் லினக்ஸ் ஏற்றினாள். செல்போன் நெட்டில் அந்தப் பிரிண்டருக்கான டிரைவரையும் சிறு ஃபைலையும் இறக்கினாள். லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற மென்பொருள்; மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-ல் தொடங்கியது. பல பழைய பிரிண்டர்களுக்கு, அவற்றின் பாஷை தெரிந்த யாரோ ஒருவர் எங்கிருந்தோ டிரைவர் எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்திருக்கிறார். வேலை நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்றும் சொன்னாள். இப்படிப் பொதுவில் வைக்கும் இயக்கம் பிறந்ததற்கே ஒரு பிரிண்டர் காரணமாம். எம்.ஐ.டி. ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், புதிதாக வந்த லேசர் பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகும்படி செய்ய அதன் நிரல்மூலத்தைக் கேட்டார், தரமுடியாது என்றார்கள். அந்த வருத்தம் உள்ளே கிடந்து, 1983-ல் குனு திட்டமாக வெளியே வந்தது.

காலை ஆறு மணிக்கு லேசர் சூடேறி முதல் சிட்டாவைத் தள்ளியது. பழைய லேப்டாப் பிரிண்டரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டது. புது லேப்டாப் கடை வைஃபையில் அதனிடம் அச்சுவேலையைக் கொடுக்கும். அது வாங்கி, பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும். இரண்டு நாளும் கடை சாத்தவில்லை. வந்தவர்களில் ஒருவரையும் காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பவில்லை. எடைக்குப் போகவிருந்த பிரிண்டரும் பரணில் கிடந்த பள்ளிக்கூட லேப்டாப்பும் சேர்ந்து செய்த வேலை இது. சித்தப்பா அன்று ராத்திரி மகளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டில் தன் பங்கு மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

இனி மாசிக்கு வருகிறேன்.

அப்பாவின் பிரிண்டரைப் பார்க்க மெக்கானிக் அண்ணாச்சியை அழைத்தேன். அறுபது தாண்டியவர். ரிப்பனுக்கு மை ஊற்றுவது, தலையில் தேய்ந்த ஊசி மாற்றுவது என்று முப்பது வருஷமாக இந்த ஊர் பிரிண்டர்களோடு இருப்பவர். யூஎஸ்பியில் ஒரு முனையும் 36 முனைச் சொருகியில் மறு முனையுமாக ஒரு கேபிள் கொண்டுவந்தார். 650 ரூபாய். மாட்டினோம். லேப்டாப் ஒரு சத்தம் கொடுத்தது. பிரிண்டர் அசையவில்லை.

நான் பதறிவிட்டேன். வாசலில் மல்லி மூட்டைகள் நிற்கின்றன. அண்ணாச்சி பதறவில்லை. "முதல்ல பிரிண்டர் நல்லாருக்கான்னு அதுகிட்டயே கேப்போம்" என்று, காகிதம் தள்ளும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். கம்ப்யூட்டரே இல்லாமல் பிரிண்டர் தானாக எழுத்துகளை வரிசை வரிசையாக அடித்தது. "இது நல்லாருக்கு. அடுத்து கேபிள்." இந்தமுறை இரண்டு பட்டன்களையும் சேர்த்துப் பிடித்துச் சுவிட்சைப் போட்டார். அப்படிப் போட்டால், கம்ப்யூட்டர் என்ன அனுப்பினாலும் அதை எழுத்தாக மாற்றாமல், வந்த எண்ணையே அடித்துக் காட்டுமாம். "டாக்டர் நெஞ்சுல குழல் வச்சுக் கேக்கிற மாதிரி தம்பி. ஏதாவது அனுப்புங்க."

அனுப்பினேன். ஒன்றும் வரவில்லை. அப்படியானால் லேப்டாப் அனுப்புவது கேபிளுக்கே வரவில்லை என்றார். தேடிப் பார்த்தால், நான் பிரிண்டரைச் சேர்க்கும்போது பழைய வழக்கப்படி எல்பிடி1 என்ற வழியைக் குறித்திருந்தேன். அது இந்த லேப்டாப்பில் இல்லாத துளையின் பெயர். புதுக் கேபிள் தனக்கென்று யூஎஸ்பி001 என்று ஒரு வழியை உண்டாக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தது. அதை மாற்றினேன். ஊர்ப் பெயரின் முன்பாதியை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்து அனுப்பினேன். ஊசிகள் குத்தின. 41, 52, 55, 50, 50, 55. அருப்பு என்பதன் ஆறு எழுத்துக்கும் ஆறு எண்கள். அண்ணாச்சி தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

மற்றது சீக்கிரம் முடிந்தது. பழைய ஹார்ட் டிஸ்க் பிழைத்திருந்தது. அதிலிருந்து பதினேழு வருஷக் கணக்கையும் எடுத்தோம். 64 பிட் விண்டோஸ் அந்தப் பழைய டாஸ் புரோகிராமை ஓட்டாது. அதற்கு வி-டாஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, அதற்குள் ஓடியது. சாயங்காலம் நாலு மணிக்குப் பழையபடி பில் வந்தது. வாசலில் நின்றவர்கள் அந்தக் கிர்ர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பத்து வருஷ லேசரைப் பேசவைக்க ஒரு ராத்திரி முழுவதும் ஆனது. பதினேழு வருஷ ஊசிப் பிரிண்டருக்கு ஒரு பகல் போதுமானதாக இருந்தது, அதிலும் பாதி என் தவறு. காரணம், ஊசிப் பிரிண்டர் தன் பாஷையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. எப்சன் கம்பெனி 1980-களில் பரப்பிய இஎஸ்சி-பி என்ற கட்டளைத் தொகுதி அது. மற்ற கம்பெனிகளும் அதையே ஏற்றுக்கொண்டன. எழுத்தை அனுப்பினால் எழுத்து அடிக்கும், 27-ஆம் எண்ணோடு கட்டளை அனுப்பினால் கட்டளையைக் கேட்கும். யார் அனுப்பினாலும் சரி. தனக்கென்று ஒரு பாஷை இருக்கிற யந்திரம் துபாஷி மாறினாலும் பிழைத்துக்கொள்கிறது.

கல்லாவை எண்ணி முடித்துவிட்டு அப்பா கேட்டார். "ஏப்பா, இம்புட்டுப் புது கம்ப்யூட்டர். இதுலயும் பில்லு இங்கிலீசுலதான் வருமா?"

பதினேழு வருஷத்தில் அவர் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. சம்சாரிகள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது அவருக்கும் உறுத்தியிருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

குதிரைவாலி என்று தமிழில் அடித்து அனுப்பிப் பார்த்தேன். வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தன. வெறும் எழுத்து அனுப்பும் டிரைவரைப் போட்டிருந்தோம். அதற்குத் தமிழ் தெரியாது. திருச்சுழிக்குப் போன் போட்டேன். தங்கச்சி, "அண்ணே, எழுத்தா அனுப்பாதீங்க, படமா அனுப்புங்க" என்றாள். விண்டோஸ் பட்டியலிலேயே எப்சன் எல்எக்ஸ் வரிசைக்கு ஒரு டிரைவர் இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். அது தமிழ் எழுத்தை வடிவமாக வரைந்து, எந்தப் புள்ளியில் எந்த ஊசி குத்த வேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்லும். பிரிண்டருக்கு அது தமிழா, கோலமா என்று தெரிய வேண்டியதில்லை. சொன்ன இடத்தில் குத்தினால் போதும்.

அனுப்பினேன். பிரிண்டர் வழக்கத்தைவிட மெதுவாக, ஒரே வரியின்மேல் இரண்டு மூன்று தரம் போய்வந்தது. கொம்பு, சுழி, காலோடு, கொஞ்சம் புள்ளி புள்ளியாக, ஆனால் தெளிவாக: குதிரைவாலி. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அடியில் ரோஸ் தாளைப் புரட்டினார். மஞ்சளைப் புரட்டினார். மூன்றிலும் இருந்தது.

இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. புள்ளியாகப் படம் வரையும் வசதி வாங்கிய நாளிலிருந்தே அந்தப் பிரிண்டரில் இருந்திருக்கிறது. பதினேழு வருஷமும் அது தமிழ் அடிக்கத் தயாராகத்தான் இருந்தது. அதனிடம் தமிழில் கேட்க ஆள் இல்லை. பழைய பிரிண்டருக்குப் புது லேப்டாப் ஒத்துவராது என்றார்கள். புது லேப்டாப்பில் யூனிகோடு தமிழ் தானாகவே இருந்ததால்தான் எங்கள் பழைய பிரிண்டர் தமிழ் பேசியது.

அடுத்த வாரம் முழுவதும் தங்கச்சி போனிலேயே சொல்லிக்கொடுத்து, லிப்ரே ஆபீஸில் தமிழில் ஒரு பில் படிவம் செய்தோம். எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக வைக்க வேண்டியிருந்தது. சின்ன எழுத்தானால் ஒன்பது ஊசிக்குச் சுழி அடைத்துப்போகிறது. பழைய பில் பதினைந்து நொடியில் வந்தது, இது ஒரு நிமிஷம் எடுத்தது. கூட்ட நேரத்தில் ஒரு நிமிஷம் பெரிசுதான். அப்பா, "இருக்கட்டும், நிக்கட்டும். வாசிக்கிற நேரத்துல பாதிகூட இல்லையே" என்றார்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பிரிண்டர் கம்பெனிகளின் தனித்தனி டிரைவர்களை விண்டோஸ் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-லேயே அறிவித்திருக்கிறது. ஜெராக்ஸ் கடைகளிலும் மண்டிகளிலும் சங்கங்களிலும் புது லேப்டாப் வந்து உட்காரும்போது, பக்கத்தில் இருக்கிற நல்ல பிரிண்டரை எடைக்குப் போடச் சொல்லும் குரல் இனி அதிகமாகக் கேட்கும். போடாதீர்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் அது தானே ஒரு பக்கம் அடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடித்தால் அதற்கு உயிர் இருக்கிறது. மாடல் பெயரை எழுதிவைத்துக்கொண்டு, வீட்டில் பிளஸ் டூ லேப்டாப் பரணில் கிடந்தால் அதை இறக்கி, கம்ப்யூட்டர் படித்த பிள்ளை யாரிடமாவது கொடுங்கள். ஒரு ராத்திரி அவகாசம் கொடுங்கள். அடுத்த முறை பிரிண்டர் வாங்கும்போது கடைக்காரரிடம், இது தன் பாஷையைத் தானே வைத்திருக்கிறதா, எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரையே நம்பி நிற்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆயிரம் ரூபாய் கூடினாலும் அதுதான் நின்று உழைக்கும்.

முதல் தமிழ் பில் வாங்கியவர் நரிக்குடிப் பக்கத்துச் சம்சாரி ஒருவர். எழுபது வயது இருக்கும். நான் கிழித்துக் கொடுத்த வெள்ளைத் தாளை, வழக்கம்போல அப்பாவிடம் நீட்டப் போனவர், எழுத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார். வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்து, விரலை ஓட்டிச் சத்தமாக வாசித்தார். குதிரைவாலி. எடை. கமிஷன். எடைக்கூலி. சாக்குக் கழிவு என்ற இடத்தில் விரல் நின்றது.

"அண்ணாச்சி, சாக்குக் கழிவு ஏழு போட்டிருக்கு. நான் கொண்டாந்தது ஆறு மூட்டை."

எடைச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஆறுதான். பில்லில் ஏழு என்று அடித்தது நான். அப்பா எழுந்து வந்து மூன்று தாளையும் வாங்கிக் கிழித்தார். ஒரு சாக்குக்கு ஒரு கிலோ கழிவு. அந்த ஒரு கிலோவுக்கான பணத்தைச் சேர்த்துப் புது பில் அடித்தோம், வெள்ளை, ரோஸ், மஞ்சள்.